இடப்பக்கம் மடிந்த தகரம்

டெல்மர் ஷூமனுக்கு ஆண்டு தெரியாத பொருளைக் கண்டால் கை அரிக்கும். முப்பத்தொரு வருடம் அஞ்சலகத்தில் கடிதம் பிரித்த மனிதர். முத்திரை மங்கிப்போன உறை ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, தேதியைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த உறையைத் தொடுவார். மேலதிகாரி திட்டுவார். கடிதம் எங்கே போக வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை, எப்போது புறப்பட்டது என்பதல்ல. அந்த வித்தியாசம் டெல்மருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

விருந்துக்குப் போன இடத்திலும் சும்மா இருக்கமாட்டார். ஒரு தடவை தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு, "இது நாப்பத்தேழுக்கு முந்தி வந்திருக்காது" என்று சொல்லி, மாமியார் கல்யாணத்துக்கு வந்த தட்டு என்ற அந்த வீட்டு அம்மாளின் பெருமையை ஒரே வாயில் முடித்துவைத்தார். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் பால் புட்டி சேர்ப்பார், இன்னொருவர் கொட்டகைப் பூட்டு சேர்ப்பார். டெல்மர் சேர்த்தது, ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஆட்டிச் சத்தம் போடுகிற தகரக் கிலுகிலுப்பை.

1965-ல் ஒரு பண்ணை ஏலத்தில் ஊறுகாய்ப் புட்டிகள் என்று நினைத்து ஒரு பெட்டியை எடுத்தார். மேல்வரிசைதான் புட்டி. கீழே பத்தொன்பது கிலுகிலுப்பைகள் இருந்தன. சுழற்றினால் கொறகொறவென்று கத்துவது ஒரு வகை. வாணலி மாதிரித் தகரத்தில் இரண்டு மரக்குண்டு தொங்கி, ஆட்டினால் டப்டப்பென்று அடித்துக்கொள்வது இன்னொரு வகை. எல்லாவற்றிலும் ஆரஞ்சும் கறுப்பும்தான். பூனை, வௌவால், சூனியக்காரி, பல்லிளிக்கும் பூசணி. ஒன்றிலாவது ஆண்டு போட்டிருக்க வேண்டுமே? கிடையாது. பத்து சென்ட் பொம்மைக்கு யார் ஆண்டு அச்சடிப்பார்கள்? அதுதான் டெல்மரைப் பிடித்துக்கொண்டது.

மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு விதி கண்டுபிடித்தார். மரக் கைப்பிடி என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முன். போர்க்காலத்தில் தகரமெல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டதால் பொம்மை இல்லை. பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் போருக்குப் பின். இது நியாயமான விதிதான், இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நியூ ஜெர்சியில் வென்ட்லர் கம்பெனி செய்த பொம்மைகளில் அவர் இன்னொன்றையும் கவனித்தார். கைப்பிடியைக் கவ்விப் பிடிக்கிற சின்னத் தகர நாக்கு பெரும்பாலும் வலப்பக்கம் மடிந்திருந்தது. எப்போதாவது ஒன்றில் மட்டும் இடப்பக்கம் மடிந்து, நுனியில் ஒரு பொட்டு வடுவும் இருந்தது. அபூர்வமாகக் கிடைக்கிறது, ஆகவே மிகப் பழையது என்று முடிவுகட்டினார். சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கம்பெனியின் 1936-ஆம் வருட விலைப்பட்டியலில் அதே பூனைப் படம் இருந்தது. போதாதா? இடது மடிப்பு, 1936. வடுவுக்கு "அச்சு வடு" என்று பெயரும் வைத்தார்.

1968 அக்டோபரில் இதையெல்லாம் பதினாறு பக்கத்தில், மஞ்சள் அட்டை போட்டு, சொந்தச் செலவில் அச்சடித்தார். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: "ஆண்டை மனிதர்களிடம் கேட்காதீர்கள், பொருளிடம் கேளுங்கள்." அந்தச் சின்னப் புத்தகத்தைச் சுற்றி ஒரு சங்கமே சேர்ந்துவிட்டது. ஒஹாயோவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், "டெல்மர், இடமா வலமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

புத்தகம் அச்சாகி வந்த அதே வாரத்தில்தான் மனைவி ஆர்டிஸின் அம்மா வீட்டை விற்றார். பரணைக் காலி செய்யப் போன ஆர்டிஸ் திரும்பி வரும்போது கையில் ஒரு வாணலிக் கிலுகிலுப்பை இருந்தது. சமையலறையில் டெல்மரும், இரும்புச் சாமான் கடை வைத்திருந்த லெஸ்டர் ஹேக்கும் பூசணிக் கேக்குக்காகக் காத்திருந்தார்கள். ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதை அவர்கள் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"பாத்தியா டெல்மர்! உன்கிட்ட இருக்கறதெல்லாம் ஊரான் வீட்டுது. இது என்னோடது. ஏழு வயசுல எங்கப்பா வாங்கிக் குடுத்தது. எங்க வீட்ல புதுசா வாங்கின பொம்மைன்னா இது ஒண்ணுதான். கடைக்குக் கூட்டிட்டுப் போயி, இருக்கறதையெல்லாம் ஆட்டிப் பாரு, எதுக்குச் சத்தம் ஜாஸ்தியோ அதை எடுத்துக்கோன்னாரு. கடைக்காரி காதைப் பொத்திக்கிட்டா..."

டெல்மர் அதற்குள் பொருளை வாங்கித் திருப்பிவிட்டார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கைப்பிடியின் அடியில் வைத்துப் பார்த்தார். கறுப்புப் பூனை, மரக் கைப்பிடி, இடது மடிப்பு, வடு. அவர் கையில் கிடைத்த இடது மடிப்புகளில் இது மூன்றாவது.

"உனக்கு ஏழு வயசுன்னா நாப்பத்தொம்பது," என்றார். "நாப்பத்தொம்பதுல இது கடையில இருக்க வழியே இல்ல, ஆர்டிஸ்."

"நான் அந்தக் கடையில நின்னேன்."

"நின்னிருப்ப. வேற எதையாவது பாத்திருப்ப. இது முப்பத்தாறு. உங்கப்பா பழசா எடுத்துட்டு வந்திருப்பாரு. மார்க்கெட் தெரு பெரிய வீட்டுக்காரங்க நல்ல சாமானையெல்லாம் குப்பைத் தொட்டிப் பக்கத்துல வெச்சிடுவாங்களே, அங்கேர்ந்து எடுத்திருப்பாரு. அதுல என்ன தப்பு?"

லெஸ்டர் சிரித்தார். "ஆர்டிஸ், உன் வீட்டுக்காரன் புத்தகமே போட்டுட்டான். அவன்கிட்ட போய் நீ சாட்சி சொல்றியா?"

ஆர்டிஸின் அப்பா எர்வின் கிரைடர் ஸ்லேட் குவாரியில் கல் உடைத்தவர். மகளுக்கு ஏழு வயதான அந்த ஹாலோவீனுக்கு அடுத்த பிப்ரவரியில் குவாரியின் ஒரு பக்கம் சரிந்து உள்ளேயே போய்விட்டார். ஆகவே அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்ல அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. இது டெல்மருக்கும் தெரியும். தெரிந்தும் அவருக்கு அப்போது கண்ணில் பட்டது கைப்பிடி மட்டும்தான். கெட்ட மனிதர் இல்லை அவர். மனைவியிடம் குரலை உயர்த்திப் பேசியவரும் இல்லை. ஆனால் சரியாகச் சொல்கிறோம் என்ற நம்பிக்கை இருந்துவிட்டால் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

"இருக்கும்," என்றார் ஆர்டிஸ். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கேக்கை வெட்டினார்.

வாணலி கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. அதன் கழுத்தில் டெல்மர் தன் குண்டு எழுத்தில் சீட்டு எழுதிக் கட்டினார்: "பூனை வாணலி. 1936. இடது மடிப்பு. பழையதாகக் கிடைத்தது." அதற்குப் பிறகு ஆர்டிஸ் அந்தக் கடைக் கதையை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தாத்தா குவாரியில் செத்துப்போனார் என்ற அளவில்தான் தெரியும். மகள் ஒருநாள் அலமாரியைக் காட்டி, "இது உன்னோடதாம்மா?" என்று கேட்டபோது, "யாரோ வீட்டுப் பழசு, தாத்தா எடுத்துட்டு வந்தது" என்றார் ஆர்டிஸ். பக்கத்து அறையில் இருந்த டெல்மருக்கு அது காதில் விழுந்தது. பரவாயில்லையே, கற்றுக்கொண்டாளே என்று மகிழ்ந்தார்.

இருபத்தாறு வருடம் இப்படிப் போயிற்று.

1994 அக்டோபரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போலத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசைகள் போட்டிருந்தார்கள். ஓரமாகக் கோழியும் சோளமும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அறுபது பேர் வந்திருந்தார்கள். அறுபது பேரும் ஆளுக்கொரு கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டுவதால் அங்கே யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது.

லெஸ்டரின் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே இடது மடிப்புச் சூனியக்காரி ஒன்று வெல்வெட் துணியில் படுத்திருந்தது. போன வருடம் அதற்காகத் தன் பழைய லாரியையே விற்றார் என்பதை ஊரே அறியும். பச்சை மழைக்கோட்டு போட்ட குட்டையான ஒரு அம்மாள் வந்தார். பெட்டியின் மூடியைத் திறந்தார், பொம்மையை எடுத்தார், கரகரவென்று சுழற்றினார்.

லெஸ்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அம்மா, அம்மா! தொடாதீங்க! முப்பத்தாறாம் வருஷத்து சாமான்மா அது!"

"முப்பத்தாறா?" அந்த அம்மாள் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியைப் பார்த்தார். "முப்பத்தாறுல எனக்கு எட்டு வயசு. எட்டு வயசுப் பிள்ளைக்கு வென்ட்லர்ல எவன் வேலை குடுத்தான்?"

டெல்மரை அழைத்துவர ஆட்கள் ஓடினார்கள். அந்த அம்மாளின் பெயர் இர்மா வோய்சிக். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்து, இப்போது எங்கள் பக்கத்து ஊரில் மகள் வீட்டோடு வந்து இருக்கிறார். செய்தித்தாளில் கூட்டத்தின் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். தாங்கள் செய்த சாமானை எந்தப் பைத்தியங்கள் சேர்த்து வைத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் போகலாம் என வந்தாராம். இதை அவரே அந்த வார்த்தைகளில் டெல்மரிடம் சொன்னார்.

"நீங்க வென்ட்லர்ல எப்போ இருந்தீங்க?" என்று டெல்மர் கேட்டார்.

"நாப்பத்தாறு செப்டம்பர்ல சேந்தேன். அம்பத்திரண்டுல கல்யாணம், விட்டுட்டேன். கைப்பிடி மாட்டற மேசையில இருந்தேன்."

"அப்போ நீங்க மாட்டினது பிளாஸ்டிக் கைப்பிடி."

"அம்பதுக்கு அப்புறம்தான் பிளாஸ்டிக்கு, தம்பி. போர் முடிஞ்சு மறுபடி பொம்மை ஆரம்பிச்சப்போ மாடியில பதினோரு பீப்பாய் மரக் கைப்பிடி கிடந்துச்சு. எங்க முதலாளி துருப்பிடிச்ச ஆணியைக்கூட நிமிர்த்தி வெச்சுக்கற ஆளு. தூக்கிப் போட்டுடுவானா? தீர்ற வரைக்கும் அதைத்தான் மாட்டினோம். படமும் அதே பழைய படம்தான்."

டெல்மர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி, மரம் இருக்கட்டும். இந்த இடது மடிப்பு? அது போருக்கு முந்தின எந்திரத்துல மடிச்சது."

"எந்திரமா!" இர்மா சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் இடது கையை டெல்மரின் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதுதான் தம்பி உன் எந்திரம். மேசையில ஆறு பேரு. அஞ்சு பேருக்கு வலது கை, எனக்கு மட்டும் நொட்டாங்கை. குறட்டால மடிச்சா இந்தப் பக்கம்தான் போகும். மேஸ்திரி தினமும் திட்டுவா, ஊரே ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம் போவியாடின்னு."

தீயணைப்பு வண்டியின் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு குறடு வந்தது. நாக்கு மடியாமல் நின்ற உடைந்த பொம்மை ஒன்றும் வந்தது. இர்மா சூப்புக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தாலும் கை யோசிக்கவில்லை. ஒரு பிடி, ஒரு திருப்பு. தகரம் இடப்பக்கம் படிந்தது. குறட்டின் மூக்கு பதிந்து நுனியில் ஒரு பொட்டு வடுவும் விழுந்தது. டெல்மர் அதையும் லெஸ்டரின் சூனியக்காரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடியை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். கூடத்தில் முதல்முறையாக ஒரு கிலுகிலுப்பையும் சத்தம் போடவில்லை.

"நல்ல கூத்து," என்றார் இர்மா. "என் கையைப் புடிச்சே சரித்திரம் எழுதியிருக்கீங்க. இந்த சூப்புக்கு இன்னும் கொஞ்சம் மிளகு கிடைக்குமா?"

லெஸ்டர், டெல்மரின் முழங்கையைப் பிடித்து வெளியே, நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். முகம் வெளிறியிருந்தது.

"இதை எழுதப்போறியா?"

"எழுதாம எப்படி?"

"யோசிச்சுப் பாருடா. நூறு பேருகிட்ட நீ ஆண்டு எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு. உன்னைத்தான் காறித் துப்புவாங்க. இருவத்தாறு வருஷம் ஆண்டு சொன்னவன்னு ஒரு பேரு இருக்கு உனக்கு, அது ஒண்ணுதானே இருக்கு. கிழவிக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு விட்டுடு. அன்னிக்கு ஆர்டிஸுக்குச் சொன்னியே, அப்படிச் சொல்லிடு. ஆண்டை மனுஷங்ககிட்ட கேக்காதேன்னு நீதானே எழுதின?"

அதுவரை டெல்மரின் தலையில் ஓடிக்கொண்டிருந்தது மஞ்சள் புத்தகம்தான். எத்தனை பக்கம் மாற்ற வேண்டும், யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், ஒஹாயோக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம். ஆர்டிஸின் பெயரைக் கேட்ட பிறகுதான் வீட்டு அலமாரியில் இருக்கும் பூனை வாணலி நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவருக்குக் காதுமடல் சுட்டது. நேரே காருக்குப் போய் உட்கார்ந்தார். தொப்பியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. ஆர்டிஸ் சமையலறையில் ஆப்பிள் களி கிண்டி, புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். டெல்மர் நேரே அலமாரிக்குப் போனார். வாணலியை எடுத்துத் திருப்பினார். வடு இருந்தது. இருக்கும் என்று தெரிந்தேதான் பார்த்தார். சீட்டின் நூலைக் கத்தரித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

"ஆர்டிஸ், அது நாப்பத்தொம்பதுதான்."

"எது?"

"உன் வாணலி."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு பீப்பாய், குறடு, இடது கை. "உங்கப்பா புதுசாத்தான் வாங்கியிருக்காரு. கடையிலதான் வாங்கியிருக்காரு. நீ சொன்னது சரி, நான்தான் தப்பு. முழுசாத் தப்பு. அடுத்த மாசம் நம்ம சங்க இதழ்ல முதல் பக்கத்துலயே போடறேன். எவன் என்ன வேணா சொல்லிக்கட்டும்."

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாணலியை வாங்கிப் பார்த்தார். பூனையின் மேல் படிந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு மேசையில் வைத்தார்.

"சரி," என்றார்.

டெல்மர் வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராகி வந்திருந்தார். திட்டு வராதது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு வார்த்தை திட்டேன்," என்றார்.

"திட்டறதுக்கு என்ன இருக்கு? நீ வேணும்னு செஞ்சியா?"

டெல்மர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து வெள்ளைச் சீட்டும் பென்சிலும் எடுத்தார். "பூனை வாணலி. 1949" என்று எழுதினார். "இப்போ நீ சொல்லு. அன்னிக்குக் கடையில என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதறேன். உன் வார்த்தையிலேயே இதழ்லயும் போடறேன். எந்தக் கடை? உங்கப்பா என்ன சொன்னாரு?"

ஆர்டிஸ் உட்கார்ந்தார். அடுப்பில் களி புளக் புளக்கென்று கொதித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கடை வரமாட்டேங்குது, டெல்மர்."

"மெதுவா யோசி."

"யோசிச்சுட்டேன். நீ அன்னிக்குச் சொன்னப்புறம், இவ்வளவு படிச்சவன் சொல்றான், எனக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்கும்னு நானே என்னைத் திருத்திக்கிட்டேன். ஒரு தரமா ரெண்டு தரமா? கடை ஞாபகம் வரும்போதெல்லாம் இல்லை, இல்லைன்னு தள்ளிட்டே இருந்தேன். இப்போ கண்ணை மூடினா எங்கப்பா மார்க்கெட் தெருவுல குப்பைத் தொட்டிகிட்ட குனிஞ்சு நிக்கறாரு. யாராவது பாக்கறாங்களான்னு திரும்பிப் பாக்கறாரு. அவரு அப்படி நிக்கவே இல்லைன்னு நீ இப்போ சொல்ற, நம்பறேன். ஆனா எனக்கு அதுதான் வருது."

டெல்மரின் பென்சில் சீட்டின் மேலேயே நின்றது.

"நான் சொல்றேன் இரு. நீ எங்கிட்ட சொல்லியிருக்க. இருக்கறதையெல்லாம் ஆட்டிப் பாக்கச் சொன்னாரு உங்கப்பா. எதுக்குச் சத்தம் ஜாஸ்தியோ அதை எடுத்துக்கோன்னு சொன்னாரு."

ஆர்டிஸ் முன்னால் சாய்ந்தார். முகத்தில் ஏழு வயசுப் பிள்ளையின் ஆவல் வந்துவிட்டது. "சொன்னாரா? அப்புறம்?"

"கடைக்காரி காதைப் பொத்திக்கிட்டா."

"ஆமாமா. பொத்திக்கிட்டா." ஆர்டிஸ் சிரித்தேவிட்டார். "அப்புறம் எங்கப்பா என்ன பண்ணினாரு? நான் சொன்னேனே, அப்புறம்?"

டெல்மர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"தெரியல, ஆர்டிஸ்," என்றார். "நீ சொல்லிட்டுதான் இருந்த. நான் கைப்பிடியைப் பாத்துக்கிட்டிருந்தேன்."